பாடமாக்கிய கட்டுரையும் பிள்ளையின் சொந்த வசனமும்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை ஆங்கிலப் பாடத்தைப் பற்றியவை. அதிலும் தரம் 6 முதல் 9 வரை படிக்கும் பிள்ளைகளின் எழுத்தையும், அவர்கள் தரம் 11இன் முடிவில் எதிர்கொள்ளப்போகும் சாதாரண தரப் பரீட்சையையும் பற்றியவை. ஒரே விதமாகக் கேட்கப்பட்டவற்றைச் சேர்த்து, ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் தரம் 8இல் படிக்கிறாள். ரியூசன் ஆசிரியர் 20 ஆங்கிலக் கட்டுரைகளை எழுதிக் கொடுத்துப் பாடமாக்கச் சொல்லியிருக்கிறார். அவளும் பாடமாக்கி இரண்டாம் தவணையில் நல்ல புள்ளி எடுத்தாள். ஆனால் நேற்று என்ன செய்தாய் என்று இரண்டு வசனம் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னபோது பேனையைப் பிடித்தபடி விழித்தாள். நான் இடம்பெயர்வுக் காலத்தில் படிப்பை நிறுத்தியவள். எது சரியென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. – ஒரு தாய், விசுவமடு

பதில்: அம்மா, நீங்கள் வீட்டில் வைத்த அந்தச் சிறு சோதனை, தவணைப் பரீட்சை காட்டாத ஒன்றைக் காட்டிவிட்டது. உங்கள் மகளுக்கு இருபது கட்டுரைகள் தெரியும். ஒரு வசனம் ஆக்கத் தெரியாது. இதற்காக அவளைக் கண்டிக்க வேண்டாம். அந்த ஆசிரியரையும் ஒரேயடியாகக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்றோர் புள்ளியைக் கேட்கிறார்கள், அவர் புள்ளிக்கான குறுக்குவழியைக் கொடுக்கிறார்.

பாடமாக்குவது முழுக்கத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். கடிதத்தின் தொடக்கமும் முடிவும், அழைப்பிதழின் அமைப்பு, மேடையில் ஆற்றும் உரையின் முதல் விளிப்பு, இறந்தகாலத்தில் வடிவம் மாறும் வினைச்சொற்கள் ஆகியவற்றைப் பாடமாக்கத்தான் வேண்டும். தேவாரத்தையும் திருக்குறளையும் மனத்தில் ஏற்றி வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் நன்மையே அடைந்தோம். ஆனால் குறளைப் பாடமாக்கிய பிள்ளைக்கு அதற்கு முன்பே தமிழ் பேசத் தெரிந்திருந்தது. ஆங்கிலத்தில் அந்த அடித்தளம் போடாமல் கட்டுரையை மட்டும் ஏற்றிவிட்டால், நடுவில் ஒரு சொல் மறந்தவுடன் அதற்குப் பிறகுள்ளதெல்லாம் அப்படியே நின்றுவிடும். அதுமட்டுமன்றி, வீட்டுத்தோட்டத்தைப் பற்றிய கட்டுரையைப் பாடமாக்கிய பிள்ளையிடம், வீட்டுத்தோட்டம் செய்வதன் பயனைப் பற்றிக் காலைக்கூட்டத்தில் ஆற்றும் உரையை எழுதும்படியோ, தோட்டம் போட்டிருக்கும் நண்பிக்குக் கடிதம் எழுதும்படியோ கேட்டால், அவள் பாடமாக்கியதை அப்படியே கொட்டிவிட்டு வருவாள். கேட்கப்பட்டதற்கு விடை எழுதவில்லை என்று பரீட்சகர் உள்ளடக்கப் புள்ளியைக் குறைத்துவிடுவார்.

என்னுடைய பிழையொன்றையும் இந்த இடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் நானும் கட்டுரைகளைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைப் பார்த்தெழுத வைத்தவன்தான். அவற்றுள் ஒன்று தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போன கதை. அந்த வகுப்பில் எவரும் தெகிவளையைக் கண்டதில்லை. இரவிரவாக யானை வெருட்டத் தகப்பனோடு வயற்காவலுக்குப் போய்வந்து, கண்சிவக்க வகுப்பில் இருந்த ஒரு பெண்பிள்ளை, கூண்டுக்குள் நின்ற யானை வாழைப்பழம் தின்றதென்று பிழையின்றி எழுதி எனக்குக் காட்டினாள். முழுப் புள்ளி போட்டேன். அவளுடைய யானையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.

ஆகவே உங்கள் மகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அவள் கண்டதை எழுதட்டும். கிழமையில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஐந்து வசனங்கள் போதும். முதலில் உங்களிடம் தமிழில் வாயாற் சொல்லட்டும். எப்போது, எங்கே, யாரோடு, என்ன கண்டாய், பிறகு என்ன நடந்தது என்று நீங்கள் கேளுங்கள். இதற்கு உங்களுக்கு ஆங்கிலம் தேவையில்லை. பிறகு அவள் அதையே ஆங்கிலத்தில் எழுதட்டும்.

இங்கேதான் ஒரு நுட்பமான இடர்ப்பாடு வரும். பல ஆசிரியர்களே இதைக் கவனிப்பதில்லை. தமிழில் நாங்கள் வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம். ‘மார்கழி மழைக்குப் பிறகு இரணைமடுக் குளத்தில் வான்கதவு திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அப்பாவோடு சைக்கிளிற் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது’ என்று ஒரு பிள்ளை ஒரே மூச்சிற் சொல்லிவிடும். அதை அப்படியே ஒரே ஆங்கில வசனமாக்க முயன்றால் எந்தப் பிள்ளையும் திணறும். எழுவாய் எங்கே, முடிக்கும் வினை எங்கே என்று தெரியாமற் பேனை நின்றுவிடும். உங்கள் மகள் விழித்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அந்த நீண்ட வசனத்தை முதலிற் தமிழிலேயே வெட்ட வேண்டும். வான்கதவைத் திறந்தார்கள். நாங்கள் அதைக் கேள்விப்பட்டோம். நானும் அப்பாவும் சைக்கிளிற் போனோம். தண்ணீரைப் பார்த்தோம். திரும்பும்போது மழை பெய்தது. இப்படி வெட்டிய பிறகு ஒவ்வொன்றும் ‘வீ வென்ட் பை பைசிக்கிள்’ என்பதுபோல ஒரு சிறிய ஆங்கில வசனமாகிவிடும். சில மாதங்கள் இவ்வாறு எழுதிப் பழகிய பிறகு, ‘வென்’, ‘பிகோஸ்’, ‘தென்’ போன்ற இணைப்புச் சொற்களால் அவற்றை மீண்டும் கோக்கக் கற்றுக்கொடுக்கலாம். தரம் 8இல் ஐந்து சிறிய வசனங்கள் பிழையில்லாமல் எழுதும் பிள்ளை, தரம் 10இல் இருபது வசனம் எழுதும்.

எழுதுவதற்கு விடயமில்லை என்று எந்தப் பிள்ளையும் சொல்ல முடியாது. பாலைப்பழம் பொறுக்கக் காட்டுக்குப் போனது, வற்றாப்பளை அம்மன் கோயிற் பொங்கலுக்கு நடந்து போனது, காலபோக நெல் அறுவடைக்கு மெசின் வரும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, பாடசாலைக்கு வரும் வழியில் சைக்கிள் காற்றுப் போனது எல்லாமே கட்டுரைகள்தான். பாலைப்பழத்துக்கு ஆங்கிலச் சொல் தெரியாவிட்டால் ‘பாலைப்பழம்’ என்றே ஆங்கில எழுத்தில் எழுதி, அது காட்டில் விளையும் இனிப்பான சிறிய மஞ்சள் பழம் என்று அடுத்த வசனத்தில் விளக்கலாம். அந்த விளக்கும் வசனம் பிள்ளைக்குப் பெரிய பயிற்சி.

கேள்வி: கிராமப்புறப் பாடசாலையொன்றில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். தரம் 9இல் 38 பிள்ளைகள். ஒரு கட்டுரை கொடுத்தால் திருத்துவதற்குச் சனி, ஞாயிறு இரண்டும் போய்விடுகின்றன. திருத்திக் கொடுத்த கொப்பியைப் பிள்ளைகள் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அடுத்த கட்டுரையிலும் அதே பிழைகள். என்ன செய்யலாம்? – ஓர் ஆசிரியை, வவுனியா வடக்கு

பதில்: ரீச்சர், எல்லாப் பிழைகளையும் திருத்துவதை முதலில் நிறுத்துங்கள். பக்கம் முழுவதும் சிவப்பு மையைக் காணும் பிள்ளை ஒன்றையும் கற்பதில்லை. தனக்கு ஆங்கிலம் வராது என்ற ஒன்றை மட்டும் கற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரேயொரு பிழைவகையைத் தெரிவுசெய்து, இம்முறை அதை மட்டுமே பார்ப்பேன் என்று முன்கூட்டியே வகுப்புக்குச் சொல்லுங்கள். பிழையை நீங்கள் திருத்தாமல் கீழே கோடு மட்டும் இடுங்கள். திருத்துவது பிள்ளையின் வேலை.

எந்தப் பிழையிலிருந்து தொடங்குவது என்பதே முக்கியமான கேள்வி. எங்கள் பிள்ளைகளின் பிழைகளிற் பல கவனக்குறைவால் வருவன அல்ல, தமிழிலிருந்து வருவன. அவை தமிழிலே சரியான ஒழுங்குகள். ஆங்கிலத்துக்குப் போகும்போது பிழையாகிவிடுகின்றன. இதைப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே விளக்கினால் அவர்கள் வியக்கத்தக்க வேகத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்று சொல்பவர்களோடு நான் இந்த விடயத்தில் உடன்படுவதில்லை.

‘என் அப்பா ஒரு கமக்காரர்’ என்ற தமிழ் வசனத்தில் வினையே இல்லை. ஆகவே பிள்ளை ‘மை ஃபாதர் ஃபார்மர்’ என்று எழுதுகிறது. ‘இஸ்’ என்ற சொல்லுக்குத் தமிழில் இணையாக எதுவும் அந்த இடத்தில் இல்லை. ‘ஒரு’ என்பதையும் நாங்கள் விரும்பினால் விடலாம். ‘எங்களிடம் பத்து மாடு நிற்கிறது’ என்று சொல்வது எங்கள் பேச்சில் இயல்பு. பத்து என்று சொன்ன பிறகு பன்மை விகுதி எதற்கு? ஆகவே ‘டென் கவ்’ என்று எழுதிவிட்டு ‘எஸ்’ஐ விட்டுவிடுகிறார்கள். ‘எனக்கு இரண்டு தம்பிமார் இருக்கிறார்கள்’ என்பதில் ‘எனக்கு’ எழுவாய் அல்ல; ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ்’ என்று நான் எழுவாயாகிவிடுகிறேன். இந்த ஒன்றைப் பற்றியே ஒரு முழுப் பாடவேளை பேசலாம். ‘நான் நேற்றுக் கண்ட யானை’ என்பதில் விவரம் முழுவதும் யானைக்கு முன்னால் வருகிறது. ஆங்கிலத்தில் யானையை முதலிற் சொல்லி, நேற்றுக் கண்டதைப் பின்னால் வைக்க வேண்டும். எங்கள் வினை வசனத்தின் கடைசியில் நிற்கும். அவர்களுடைய வினை எழுவாயை ஒட்டி நிற்கும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லாததால், வசனத் தொடக்கத்திலும் ஊர்ப்பெயரிலும் பெரிய எழுத்து வேண்டும் என்பது பிள்ளைக்குப் பொருளற்ற சடங்காகத் தோன்றுகிறது.

எழுத்துக்கூட்டலிலும் இதே கதைதான். பன்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் பெரியது என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பிக்’ தான். எங்கள் பகரம் இரண்டு ஒலியையும் சுமக்கிறது. தகரமும் ககரமும் அப்படியே. தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிவைத்துச் சொல் படிக்கும் பிள்ளை இந்தக் குழப்பத்திலிருந்து மீளவே மாட்டாது. சொற்களை வாய்விட்டு, தொண்டை அதிர்கிறதா என்று கைவைத்துப் பார்த்துச் சொல்லப் பழக்குங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் மறக்கமாட்டார்கள்.

இந்தப் பட்டியலிலிருந்து இந்த மாதம் ‘இஸ்’, ‘ஆர்’ மட்டும். அடுத்த மாதம் பன்மை மட்டும் என்று போங்கள். இன்னொரு வழியும் உண்டு. 38 கொப்பிகளையும் எடுத்துச் செல்வதற்குப் பதிலாக, பிள்ளைகளின் எழுத்திலிருந்து ஆறு வசனங்களைப் பெயர் சொல்லாமற் கரும்பலகையில் எழுதி, நாற்பது நிமிடப் பாடவேளையில் முழு வகுப்பாகத் திருத்துங்கள். பிழையான வசனங்கள் நான்கு, நல்ல வசனங்கள் இரண்டு என்று இருக்கட்டும். தன்னுடைய நல்ல வசனம் பலகைக்கு வந்ததைக் காணும் பிள்ளையின் முகத்தை நீங்களே பார்ப்பீர்கள். அதன்பின் அனைவரும் தத்தமது கட்டுரையை இரண்டாம் முறை எழுத வேண்டும். புள்ளி அந்த இரண்டாம் பிரதிக்கே என்று அறிவியுங்கள். கொப்பி மூடப்படாமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்.

கேள்வி: நான் தரம் 9 மாணவன். சாதாரண தர ஆங்கில வினாத்தாளில் கட்டுரைக்கு எத்தனை புள்ளி? கடந்தகால வினாத்தாள்களை இப்போதே செய்யத் தொடங்கலாமா? – ஒரு மாணவன், துணுக்காய்

பதில்: தம்பி, ஆங்கில மொழிப் பாடத்துக்கு இரண்டு வினாத்தாள்கள் வந்துள்ளன. முதலாவது ஒரு மணித்தியாலம், இரண்டாவது இரண்டு மணித்தியாலம்; இரண்டிலும் சேர்த்து 16 வினாக்கள், ‘டெஸ்ட்’ என்ற பெயரில். முதலாவது பத்திரத்துக்கு 40 புள்ளி, இரண்டாவதற்கு 60. இரண்டாவது பத்திரத்தில் 14ஆம் வினாவுக்கு ஏறத்தாழ 100 சொற்களில் ஒரு கடிதம் எழுத வேண்டும், அல்லது ஒரு வரைபடத்தை விவரிக்க வேண்டும்; அதற்கு 10 புள்ளி. கடைசியான 16ஆம் வினா, ஏறத்தாழ 200 சொற்களில் கட்டுரை, உரை அல்லது கதை போன்றவற்றுள் நீர் விரும்பிய ஒன்று. அதற்கு 15 புள்ளி. ஆக இந்த இரண்டு வினாக்களே நூற்றில் 25ஐத் தீர்மானிக்கின்றன. முதலாவது பத்திரத்தில் வரும் சிறு எழுத்து வேலைகளையும் சேர்த்தால் பங்கு இன்னும் கூடும். பாடத்திற் சித்தியடைய 35 புள்ளி போதும் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாரும்.

எழுத்துக்குப் புள்ளியிடும்போது உள்ளடக்கம், ஒழுங்கமைப்பு, மொழி, எழுத்துக்கூட்டலும் நிறுத்தக்குறிகளும் என்று தனித்தனியே பார்க்கிறார்கள். ஆகவே இலக்கணம் தளம்பினாலும், கேட்டதைப் பற்றி ஒழுங்காகப் பந்தி பிரித்து எழுதிய பிள்ளைக்குப் புள்ளி கிடைக்கும். வினாவோடு சில குறிப்புகள் தரப்பட்டிருந்தால் ஒவ்வொன்றையும் தொட்டு எழுத வேண்டும். ஒன்றைத் தவறவிடுவது பலருடைய வழக்கம். எழுதி முடித்தபின் குறிப்புகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாக அடையாளமிட்டுப் பார்த்தால் இது நடக்காது.

முழு வினாத்தாளை இப்போதே செய்ய வேண்டாம். தரம் 9இல் அதைச் செய்து 28 புள்ளி எடுத்து மனமுடைந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். வாசித்து விளங்கும் வினாக்களையும், ஐம்பது சொற்களளவில் எழுதும் பந்தியையும் மட்டும் இப்போது எடுத்துப் பழகும். முழுத்தாளைத் தரம் 10இன் நடுப்பகுதியிலிருந்து நேரம் வைத்துச் செய்யலாம். வாசிப்பு வினாவில் முதலில் கேள்விகளைப் படித்துவிட்டுப் பிறகு பகுதியை வாசியும்; விடை கிடைத்த வரியின் கீழ்க் கோடிடும்; தெரியாத சொல் வந்தால் அதில் நின்று நேரத்தை விடாமல் அடுத்த வரிக்குப் போம்.

ஒரு சிறிய உபாயமும் உண்டு. உம்முடைய கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொற்கள் வருகின்றன என்று இப்போதே எண்ணிப் பாரும். பத்துச் சொல் வருமானால் 200 சொற்கள் இருபது வரி. பரீட்சை மண்டபத்தில் ஒவ்வொரு சொல்லாக எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அந்த நேரத்தில் இரண்டு வசனம் எழுதியிருக்கலாம். கட்டுரைக்கு முப்பத்தைந்து நிமிடம் ஒதுக்கினால், முதல் ஐந்து நிமிடம் குறிப்பெடுக்கவும் கடைசி ஐந்து நிமிடம் திருத்தவும் போக, எழுதுவதற்கு இருபத்தைந்து நிமிடம் போதும்.

கேள்வி: கட்டுரையிற் கடினமான சொற்கள் போட்டால் புள்ளி கூடுமா? – ஒரு மாணவி, மாங்குளம்

பதில்: கூடாது, தங்கச்சி. பொருள் முழுதாகத் தெரியாத சொல்லைப் போட்டு வசனத்தைக் குழப்பினால் குறையும். புதிய சொல்லொன்றைக் கற்றால், அதை வைத்து உம்மைப் பற்றி மூன்று உண்மையான வசனங்கள் எழுதிய பிறகே கட்டுரைக்குள் கொண்டுவாரும்.

கேள்வி: நான் முல்லைத்தீவில் கடற்தொழிலுக்குப் போகிறவன். மனைவிக்கும் எனக்கும் ஆங்கிலம் தெரியாது. ரியூசனுக்குப் பட்டணம் அனுப்ப வசதியில்லை. தரம் 7இல் படிக்கும் மகனுக்கு வீட்டில் நாங்கள் என்ன செய்ய முடியும்? – ஒரு தந்தை, முல்லைத்தீவு

பதில்: ஐயா, நீங்கள் செய்யக்கூடியது நிறையவே உண்டு. அரசாங்கம் இலவசமாகத் தரும் பாடநூல் உங்கள் வீட்டில் இருக்கிறது. அதிலுள்ள வாசிப்புப் பகுதியில் ஒரு பந்தியை மகன் தினமும் உரத்து வாசிக்கட்டும், வாசித்ததைத் தமிழில் உங்களுக்குச் சொல்லட்டும். அவன் சொல்வது சரியா பிழையா என்று உங்களுக்குத் தெரியாமற் போகலாம். ஆனால் விளங்காமல் வாசித்த பிள்ளையால் கதை சொல்ல முடியாது என்பது உங்களுக்கு உடனே தெரியும். பாடநூல் தொலைந்திருந்தால், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எல்லாத் தரங்களுக்குமுரிய பாடநூல்களும் இருக்கின்றன. யாருடைய போனிலாவது இறக்கிக்கொள்ளலாம்.

ஆங்கிலம் எங்கள் ஊர்களில் இல்லை என்று நினைக்கிறோம். ஏ9 வீதியில் நிற்கும் பெயர்ப்பலகைகளில், அரச அலுவலக வாசல்களில், பேருந்தின் நெற்றியில் மூன்று மொழிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. உரப்பையிலும் மருந்துப் பெட்டியிலும், உங்கள் வள்ளத்து எஞ்சினிலுங்கூட ஆங்கிலம் இருக்கிறது. மகனைக் கூட்டிக்கொண்டு போகும்போது தமிழை வைத்து அதன்கீழ் உள்ள ஆங்கிலத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு சின்னக் கொப்பியில் நாளுக்கு இரண்டு சொல் சேரட்டும்.

நீங்கள் கரைக்கு வந்ததும் அன்று கடலில் என்ன நடந்தது என்று அவனுக்குச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குப் போனீர்கள், காற்று எப்படி இருந்தது, வலையில் என்ன பட்டது என்று விவரமாகச் சொல்லுங்கள். அவன் அதை ‘மை ஃபாதர்’ என்று தொடங்கி ஐந்து ஆங்கில வசனமாக எழுதி, மறுநாள் பாடசாலையில் ஆசிரியரிடம் காட்டட்டும். பாடசாலைக்கு ஒருமுறை நீங்களே போய், மகன் இப்படி எழுதி வருவான், பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மீனின் பெயர்களுக்கு ஆங்கிலம் அந்த ஆசிரியருக்கும் தெரியாமல் இருக்கலாம். அப்போது அவர் உங்களிடந்தான் கேட்டு அனுப்புவார், அந்த மீன் எப்படி இருக்கும் என்று.